வெயிலும் நிழலும்: ஒரு கடற்கரை மாலையின் வரலாறு

ஒன்பதாம் வகுப்பு மாணவர்க்குக் கட்டுரைத் தலைப்பொன்று கொடுத்திருந்தேன்: ‘குடும்பத்தோடு கடற்கரையில் ஒரு மாலை’. கல்முனைக் கரையிலே பிறந்து வளரும் பிள்ளைகளுக்கு இதனினும் இலகுவான தலைப்பு வேறில்லை என்பது என் எண்ணம். கடல் எங்களுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றது. கொப்பிகள் வந்து சேர்ந்தன. ஏறக்குறைய எல்லாவற்றிலும் அலையும், மணல் வீடும், கச்சான் சுருளும், தம்பி தங்கையரின் கும்மாளமும் நிறைந்திருந்தன. ஒரு கொப்பியில் மட்டும் மூன்றே வரிகள். கரைவலைத் தொழிலாளி ஒருவரின் மகள் எழுதியது அது. “கடல் எங்கள் வாப்பா வேலை செய்யும் இடம். வலை இழுத்த களைப்பில் அவர் மாலையில் உறங்கிவிடுவார். ஆகையால் நாங்கள் அங்கே உல்லாசமாகப் போவதில்லை.”

தலைப்பிலிருந்து விலகியுள்ளது என்று குறிப்பதற்காகச் சிவப்புப் பேனாவை எடுத்தேன். எழுதக் கை வரவில்லை. தலைப்பிலிருந்து அந்தப் பிள்ளை விலகினாளா, அன்றி வாழ்க்கையிலிருந்து என் தலைப்பு விலகியதா? இவ்வினாவே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

வெப்பநாட்டிலே வாழும் ஒரு குடும்பம், பகலெல்லாம் வெந்து, மாலையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காற்று வாங்கப் போவது மிக இயல்பான காரியம் போலத் தோன்றுகின்றது. காற்று இலவசம், மணல் இலவசம், கடல் யாருடைய சொத்துமன்று. எனினும் அந்த ஒரு மாலைப்பொழுதை அடைவதற்கு இரண்டு பொருள்கள் வேண்டும். ஒன்று நேரம், மற்றது எல்லோர்க்கும் பொதுவான இடம். இவ்விரண்டும் இயற்கை தந்தவை அல்ல. உழைப்பின் வரலாறும் உரிமையின் வரலாறுமே அவற்றைத் தந்தன. சில காலங்களில் பறித்தும் கொண்டன. வெயில் எல்லோர்க்கும் பொது. நிழல் ஒருநாளும் பொதுவாக இருந்ததில்லை.

தமிழரின் பழைய இலக்கியத்திலிருந்தே தொடங்குவோம். நெய்தல் நிலத்துக்குரிய சிறுபொழுது எற்பாடு, அதாவது பொழுது சாயும் வேளை, என்று இலக்கணம் வகுத்தனர் நம் முன்னோர். வெப்பக் கடற்கரையை அறிந்தவர் வகுத்த இலக்கணம் இது. உச்சி வேளையில் அங்கே மணல் காலைச் சுடும். பொழுது சாய்ந்த பின்னரே கரை மனிதர்க்கு உரியதாகும்.

ஆனால் கரைக்கு வந்தவர் யார்? காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் இரண்டு நூல்களை அருகருகே வைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையிலே கோவலனும் மாதவியும் கடல் விளையாட்டுக் காணப் புறப்படுகின்றனர். அவன் கோவேறு கழுதைமீது ஏறுகின்றான்; அவள் வண்டியில் ஏறுகின்றாள். புன்னை நிழலில், புதுமணலின் மேல், ஓவியத் திரை சூழ்ந்த தனியிடம் அவர்களுக்கு அமைகின்றது. இது வணிகச் செல்வத்தின் கடற்கரை. பட்டினப்பாலையிலோ கடியலூர் உருத்திரங்கண்ணனார் வேறொரு காட்சியைக் காட்டுகின்றார். முழுமதி நாளில் பரதவர் மீன்பிடிக்கச் செல்லாது ஓய்ந்திருக்கின்றனர். உண்டும் விளையாடியும், கடலில் நீராடியும், நண்டுகளை ஓட்டியும், மணற்பாவை செய்தும் நாளைக் கழிக்கின்றனர். நிலாக்காலத்தில் வலையில் மீன் குறைவாகவே படும் என்று எங்கள் மீனவர் இன்றும் சொல்வார்கள். ஆக, உழைப்பாளியின் விடுமுறையைத் தீர்மானித்தது நிலாவே. செல்வனுக்குத் திரையும் நிழலும் எந்நாளும் உண்டு. தொழிலாளிக்கு மாதத்தில் ஒரு நாள். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட இந்த வேறுபாடு, அந்த மூன்று வரிக் கொப்பியைப் படித்தபோது என் நினைவுக்கு வந்தது.

இனி எங்கள் கரைக்கு வருவோம். வடக்கே மருதமுனையிலிருந்து கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று ஈறாக, தெற்கே பொத்துவில் வரையில், இடையிடையே பாண்டிருப்பு, காரைதீவு, தம்பிலுவில், திருக்கோவில் முதலிய தமிழூர்களோடு கலந்து, முஸ்லிம் ஊர்கள் கடலோரமாக நீண்டு கிடக்கின்றன. 1961 ஆம் ஆண்டு அம்பாறை தனி மாவட்டமாகும் வரையில் இவையாவும் மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதிகளே. கிழக்கே கடல், மேற்கே வட்டை எனப்படும் நெற்காணிப் பரப்பு. இரண்டுக்கும் நடுவே நெருங்கிய வீடுகள்.

எங்கள் வெப்பத்துக்கு ஒரு பெயர் உண்டு: கச்சான். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவிலே தன் மழையையெல்லாம் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி இறங்கும்போது வறண்டு சூடேறி எங்களை வந்தடைகின்றது. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வீசும் இக்காற்று உதட்டை வெடிக்கச் செய்யும். குழந்தைகளின் உடல்நீரை உறிஞ்சும். மற்றைய காலங்களில் பகலில் நிலம் விரைவாகச் சூடேற, கடலின் மேலுள்ள குளிர்ந்த காற்று கரையை நோக்கி வரும். கச்சான் பலமாக வீசும் நாட்களிலோ அந்தக் கடற்காற்றும் தலைகாட்டாது. நவம்பர் முதல் ஜனவரி வரை மாரி மழை, கடலும் கொந்தளிக்கும். மழை ஓய்ந்த பின்னர், கச்சான் தொடங்கும் முன்னர் உள்ள மாதங்களே பிள்ளைகளோடு கரையில் இருக்க இனியவை.

இந்த இயற்கைக் கலண்டரோடு உழைப்பின் கலண்டரையும் பொருத்திப் பார்க்க வேண்டும். பெரும்போக வெள்ளாண்மை அறுவடைக்கு வருவது பெப்ரவரி, மார்ச் மாதங்களில். கல்லோயாத் திட்டத்தின் நீர் வந்த பின்னர் விரிந்த சிறுபோகம் கச்சான் வெயிலிலேயே முற்றி விளைகின்றது. கரைவலைத் தொழிலுக்கு ஏற்ற காலமும் கடல் அமைதியாக இருக்கும் இதே மாதங்கள்தாம். மருதமுனையின் கைத்தறிக்கோ காலமே இல்லை. நெய்த அளவுக்கே கூலி என்பதால் தறி ஓயும் நாள் உலை கொதியாத நாளாகும். ஆகவே இயற்கை, ‘வெளியே வந்து காற்று வாங்கு’ என்று அழைக்கும் நாட்களிலேதான் உழைக்கும் குடும்பத்துக்கு மூச்சுவிடவும் நேரமில்லை.

அக்காலத்துப் பிள்ளைகள் வெளியே போகவில்லையா? போனார்கள். சூடு மிதிக்கும் நாட்களில் வாப்பாவுக்குச் சோறு கொண்டு வட்டைக்குப் போனார்கள். களவெட்டியில் வைக்கோல்மேல் புரண்டார்கள், வாடியின் நிழலில் உறங்கினார்கள், குருவி துரத்தினார்கள். கரையிலே அம்பாப் பாட்டுக்கு இசைய வலை ஏறும்போது தாமும் கயிற்றில் கைவைத்தார்கள். அவற்றில் இன்பம் இல்லையென்று நான் சொல்லமாட்டேன். என் மூத்தம்மா தம் இளமையைப் பற்றிச் சொன்ன மகிழ்ச்சியான கதைகளில் பாதி களவெட்டிக் கதைகளே. ஆயினும் அது வேலையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்ட இன்பம். போடியார் வீட்டுப் பிள்ளை அதே களவெட்டிக்கு வேடிக்கை பார்க்க வந்தது. கூலிக்காரன் வீட்டுப் பிள்ளை வேலைக்கு வந்தது. வெயில் இருவர் தலையிலும் ஒன்றாகவே விழுந்தது.

வேலையிலிருந்து முற்றாக விடுபட்டு, குடும்பம் முழுவதும் ஒன்றாக வெளியே வந்த சந்தர்ப்பங்களை இந்த மக்களுக்கு அளித்தது சமய வழக்கமே. கல்முனைக்குடியின் கடற்கரைப் பள்ளிவாசலிலே நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக ஆண்டுதோறும் நடைபெறும் கொடியேற்றம் இதற்குத் தலையாய சான்று. ஜமாதுல் ஆகிர் மாதத்தில் கொடியேறினால், பன்னிரண்டு நாட்கள் அந்த மணல்வெளி ஊராகிவிடும். மிட்டாய்க் கடைகளும் வளையற் கடைகளும் முளைக்கும். கிடுகு வேலிக்கு உள்ளேயே ஆண்டைக் கழித்த பெண்கள், இரவிலே பிள்ளைகளை இடுப்பில் ஏந்தியும் கையில் பிடித்தும் கடலோரம் வந்தமர்வர். சந்திரக் கணக்கிலான ஆண்டு ஏறக்குறைய 11 நாட்கள் குறைவானது. எனவே கந்தூரி ஒரு தலைமுறையில் கச்சான் வெப்பத்திலும், வேறொரு தலைமுறையில் மாரிக் குளிரிலும் வரும். எக்காலத்தில் வந்தாலும் மக்கள் வந்தனர். சபர் மாதத்து ஒடுக்கத்துப் புதனில் நீர்நிலைகளை நாடிச் செல்லும் வழக்கமும் தமிழ்பேசும் முஸ்லிம்களிடையே இருந்தது. மலாக்காவிலே மலாய் மக்கள் அதே நாளில் தஞ்சோங் கிளிங் கடற்கரையில் திரண்டனர். எங்கள் அயலிலுள்ள இந்துக்களோ ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்காகத் திருக்கோவிலின் கடலுக்குக் குடும்பம் குடும்பமாகப் போகின்றனர்.

இவ்வழக்கங்களின் சமய நியாயத்தை ஆராய்வது என் நோக்கமன்று. அதைப் பற்றி ஊரிலே வாதம் செய்வோர் போதிய அளவில் உள்ளனர். நான் சுட்டிக்காட்ட விரும்புவது ஒன்றே. எந்தச் சட்டமும் விடுமுறை தராத காலத்தில், எந்த முதலாளியும் மறுக்கத் துணியாத விடுமுறையைச் சாதாரண மக்கள் இவ்வாறே தேடிக்கொண்டனர். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வானத்தின் கீழ் இருக்கக் கிடைத்த உரிமை அது.

ஓய்வு என்பது சட்டபூர்வமான உரிமையாக மாறியது மிக அண்மையில்தான். அந்த மாற்றம் உலகெங்கும் போராட்டத்தின் வழியே வந்தது. 1886 ஆம் ஆண்டு சிக்காகோத் தொழிலாளர் எட்டு மணி நேர வேலைக்காகக் கிளர்ந்தெழுந்ததை அறியாத ஆசிரியர் இல்லை. 1936 ஆம் ஆண்டு பிரான்சிலே நிகழ்ந்ததை நம்மில் பலர் அறியார். மக்கள் முன்னணி தேர்தலில் வென்றதும் தொழிற்சாலைகளெங்கும் வேலைநிறுத்தம் பரவிற்று. அதன் பயனாக வாரத்துக்கு 40 மணி நேர வேலையும், ஆண்டுக்கு இரண்டு வாரச் சம்பளத்துடன் கூடிய விடுமுறையும் சட்டமாயின. குறைந்த கட்டணத்தில் ரயிற் சீட்டு வழங்கப்பட்டது. அந்தக் கோடையிலே தொழிலாளர் குடும்பங்கள் பல, வாழ்க்கையில் முதன்முறையாகக் கடலைப் பார்த்தன. கடலைக் காண ஒரு வேலைநிறுத்தம் வேண்டியிருந்தது!

இலங்கையில் 1954 ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறையையும், ஆண்டு விடுமுறையையும் உறுதி செய்தது. 1966 முதல் 1971 வரையில் ஞாயிறு நீங்கிப் போயா நாட்களே வார விடுமுறையாக இருந்தன. பரதவரைப் போல நாடு முழுவதும் நிலாவைப் பார்த்து ஓய்ந்த காலம் அது. இக்காலத்திலேதான் எங்கள் ஊர்களில் எழுதுவினைஞர், ஆசிரியர், கடைச் சிப்பந்தி ஆகியோரின் குடும்பங்கள் மாலையில் கடற்கரைக்குப் போகும் வழக்கம் வேரூன்றிற்று. இங்கினியாகலை அணையையும் சேனாநாயக்க சமுத்திரத்தையும் காண வண்டி பிடித்துப் போவதும் தொடங்கிற்று. ஆயினும் அச்சட்டம் கடையையும் அலுவலகத்தையுமே அறிந்தது. வயலையும் வலையையும் குழித்தறியையும் அது அறியாது. பிலிப் குணவர்தனவின் 1958 ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம் குத்தகை விவசாயிக்கு நிலத்திலே பாதுகாப்பளிக்க முயன்றது. ஓய்வைப் பற்றி அதுவும் பேசவில்லை. அந்த மூன்று வரிகளின் பிறப்பிடம் இதுவே. அப்பிள்ளையின் தந்தைக்கு விடுமுறை தரும் சட்டம் இதுவரை எழுதப்படவில்லை.

நேரம் இவ்வாறு சிலர்க்குக் கிடைத்தும் பலர்க்குக் கிடையாமலும் இருக்க, மற்றைப் பொருளாகிய இடமும் நம் கண்முன்னே பறிபோயிற்று. போர்க்காலத்தில் கரை, அச்சத்தின் எல்லையாக இருந்தது. மீன்பிடித் தடைகளும் ஊரடங்கும் மாலைப்பொழுதை விழுங்கின. அதன் நடுவே 2004 டிசம்பர் 26 வந்தது. ஞாயிற்றுக்கிழமை; பூரணை நாள்; காலை வேளை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் மாண்டனர். இலங்கையில் வேறெந்த மாவட்டமும் இத்தனை உயிரை இழக்கவில்லை. இக்கரையின் அகதி முகாம்களில் பின்னர் நடத்தப்பட்ட ஆய்வொன்று, குழந்தைகளும் முதியோரும் அதிகமாக மாண்டனர் என்றும், ஆண்களைவிடப் பெண்களே அதிகம் என்றும் காட்டிற்று. அன்று நான் பாடசாலை மாணவன். அதன் பின்னர்ப் பல ஆண்டுகள் என் உம்மா எங்களைக் கடற்பக்கம் விடவில்லை. கடல் என்ற சொல்லையே வீட்டில் எடுக்கமாட்டார். ஒரு தலைமுறைப் பிள்ளைகள் கடலிலிருந்து அரை மைல் தூரத்தில் வாழ்ந்தும் கடலறியாது வளர்ந்தனர்.

துயரத்தின்மேல் அநீதியும் வந்து சேர்ந்தது. கடலிலிருந்து தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றருக்குள்ளும், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றருக்குள்ளும் வீடு கட்டலாகாது என அரசு விதித்தது. ஆனால் உல்லாச விடுதிகளுக்கு விலக்கு இருந்தது. அறுகம்பையிலே மீனவர் குடிசை இருந்த மணலைச் சுற்றுலாத் தொழிலுக்கு ஒதுக்கத் திட்டங்கள் எழுந்தன, மீனவர் கிளர்ந்தனர். நயோமி கிளைன் 2007 இல் வெளியிட்ட நூலிலே இச்செய்தி உலகறிய எழுதப்பட்டது. கடல் வரும் என்பதற்காக ஏழையின் வீடு ஆகாதென்றால், செல்வரின் விடுதி மட்டும் எவ்வாறு ஆகும்? கோவலனின் ஓவியத் திரை மீண்டும் கட்டப்பட்டது. இம்முறை அது வேலியாக எழுந்தது.

அடுத்து ஒலுவில். 2008 இல் தொடங்கி 2013 இல் திறக்கப்பட்ட துறைமுகத்தின் கல்லணைகள், கரையோரமாக இயல்பாக நகரும் மணலைத் தடுத்தன. ஒருபுறம் துறைமுக வாயில் மணலால் தூர்ந்தது. மறுபுறம் மணல் வந்து சேராத கரைகளைக் கடல் அரித்தது. ஒலுவிலிலும் நிந்தவூரிலும் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. வலை இழுக்கும் தரையும், பிள்ளைகள் ஓடும் தரையும் ஒன்றாகவே போயின. தொழிலாளியின் வேலைத்தலமும் அவன் பிள்ளையின் விளையாட்டுத் திடலும் ஒரே மணல்தான் என்பதைக் கடலரிப்பு எங்களுக்குக் கற்பித்தது.

எனினும் மக்கள் திரும்பி வந்தனர். இன்று பெருநாள் மறுநாள் அஸர் தொழுகை முடிந்ததும் கல்முனைக் கரைக்குப் போய்ப் பாருங்கள். தண்ணீர்ப் போத்தலும் பாயும் சோற்றுப் பாத்திரமுமாகக் குடும்பங்கள் வந்து இறங்குகின்றன. கைக்குழந்தையின் தலையை முந்தானையால் மூடியிருக்கின்றார்கள். வெயில் தணியுமட்டும் தென்னை நிழலில் அமர்கின்றார்கள். அதன் பின்னரே பிள்ளைகளை ஈர மணலுக்கு விடுகின்றார்கள். சின்னஞ்சிறுசுகள் தாகமென்று கேட்குமுன்னே தண்ணீர் கொடுக்கப்படுகின்றது. இவை எந்தப் பாடநூலிலும் இல்லாத, தாய்மார் வழிவழியாகக் கொண்டுவந்த அறிவு. என் உம்மாவும் இப்பொழுது வருகின்றார். அவருடைய கண் பாதி பேரப்பிள்ளைகள்மீதும், பாதி தொடுவானத்தின்மீதும் இருக்கும். அவரைச் சுற்றியுள்ள பெண்கள் சோறு பரிமாறுகின்றனர், குழந்தையின் கால் கழுவுகின்றனர், பாத்திரம் அடுக்குகின்றனர். வீட்டு வேலையின் ஒரு பகுதியை மணலுக்கு மாற்றியதே அவர்களுடைய விடுமுறை! ஆண்கள் இதனைக் கவனித்து ஒரு பாத்திரத்தையாவது கழுவினால், அந்த மாலை அவர்களுக்கும் மாலையாகும்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு வெறுமனே பெருமூச்செறிவது நம் வேலையன்று. கோரிக்கைகள் எளியவை. கரையிலே நிழல் மரங்கள் வேண்டும். குடிநீர்க் குழாய் வேண்டும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஏற்ற மலசலகூடம் வேண்டும். கடலறிந்த உயிர்காப்பாளர் வேண்டும். பிள்ளைகளுக்கு, பெண் பிள்ளைகள் உட்பட, நீச்சல் கற்பிக்க வேண்டும். மணலை அரிக்கும் எந்தத் திட்டமும் அம்மணலில் வாழ்வோரைக் கேளாமல் நடைபெறலாகாது. இவை யாவற்றுக்கும் மேலாக, வலை இழுப்பவனுக்கும் கதிர் அறுப்பவனுக்கும் தறி நெய்பவளுக்கும் கூலி குறையாத ஓய்வுநாள் வேண்டும். ஓய்வு இல்லாதவனுக்குப் பூங்கா அமைத்துக் கொடுப்பது, பசித்தவனுக்குப் பாத்திரம் மட்டும் கொடுப்பதைப் போன்றது.

எங்கள் கரை மணலிலே அடம்பன் கொடி படர்ந்து கிடக்கும். தனியே பார்த்தால் ஓர் இழுப்புக்குத் தாங்காது. ஆனால் காற்றிலே பறக்கும் மணலைப் பிடித்து நிறுத்தி மேடாக்குவது அந்தக் கொடிதான். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று நம் மக்கள் சொல்லிவைத்ததைக் கரையில் நின்று படித்தால்தான் பொருள் முழுமையாக விளங்கும்.

அந்த மூன்று வரிக் கட்டுரைக்கு வகுப்பிலே உயர்ந்த புள்ளியை இட்டேன். மறுநாள் வகுப்பில், அப்பிள்ளையின் பெயரைச் சொல்லாமல் அவ்வரிகளை வாசித்துக் காட்டினேன். எவரும் சிரிக்கவில்லை. பின்வரிசையிலிருந்த ஒரு மாணவன் எழுந்து, “சேர், எங்கட வாப்பாவும் அப்படித்தான், வயலுக்குப் போறவர். நான் சும்மா எழுதினேன்” என்றான். அவனைத் தொடர்ந்து மேலும் இருவர் எழுந்தனர். முதற் கட்டுரைகளில் கண்ட அலையிலும் மணலிலும் எவ்வளவு மெய், எவ்வளவு கற்பனை என்பதை அப்பொழுதுதான் அறிந்தேன். கரும்பலகையிலிருந்த பழைய தலைப்பை அழித்துவிட்டுப் புதியதொன்றை எழுதினேன்: ‘எங்கள் வாப்பாவுக்கு ஒரு நாள் ஓய்வு கிடைத்தால்’. அன்றுதான் என் மாணவர் நேரம் முடிந்த மணி அடித்த பின்னரும் எழுதிக்கொண்டிருந்தனர்.